சாணுக்கு ஒரு நூல்
(மாதிரிப் போர் விமானம் செய்வது எப்படி? எதற்கு?)



பொழுதுபோக்கு என்றவுடன் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்டும் சினிமாவும்தான் ஞாபகம் வரும். தபால்தலை சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு வாய்த்தது கொஞ்சம் வித்தியாசமானது. நிஜமான போர் விமானங்களைக் கட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ அளவு பிசகாமல் சிறியதாகச் செய்து வைப்பது. பல நாடுகளில் வயதானவர்கள்கூட இதில் ஆழ்ந்து கிடக்கிறார்கள். நம் ஊரில் இதைப் பார்த்தால், "என்ன தம்பி, பொம்மை பண்றியா?" என்றுதான் கேட்பார்கள்.

பொம்மைக்கும் மாதிரிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அது அளவு. பொம்மை விமானம் பார்த்தால் விமானம் மாதிரி இருந்தால் போதும். மாதிரி விமானத்தில் இறக்கை, வால், மூக்கு, சக்கரம் எல்லாமே ஒரே எண்ணால் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு எண் எங்கிருந்து வந்தது, அதற்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது, நம் கையில் இருக்கிற சாமான்களை வைத்து நாமே எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்ஜினியரிங் டிராயிங் பாடம் வெறுப்பாக இருக்கிறது என்று சொல்பவர்கள் அவசியம் கடைசி வரை படிக்கவும்!

1. ஸ்கேல் என்றால் என்ன?

1:72 என்றால் நிஜத்தில் 72 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ. இருக்கும் என்று அர்த்தம். இது நமக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்ததுதான். மாதிரி விமான உலகில் 1:144, 1:72, 1:48, 1:32, 1:24 என்று சில ஸ்கேல்கள் வழக்கத்தில் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் சம்பந்தமில்லாத எண்களாகத் தோன்றும். அடி, இஞ்ச் கணக்கில் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். 1:48 என்றால் ஒரு அடிக்குக் கால் இஞ்ச். 1:24 என்றால் ஒரு அடிக்கு அரை இஞ்ச். 1:72 என்றால் ஆறு அடிக்கு ஒரு இஞ்ச். அதாவது ஆறடி ஆள் ஒரு இஞ்ச் உயரம் ஆகிவிடுவான்.

1930-களில் இங்கிலாந்தில் மரத்தில் செய்யும் மாதிரிகள் 1:72 ஸ்கேலில் விற்பனைக்கு வந்தன. 1936-ல் 'ஃபிராக்' என்ற பெயரில் பிளாஸ்டிக் மாதிரிகளும் அதே ஸ்கேலில் வந்தன. அப்போதைய பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிட்டேட். அது நாளாக நாளாக வளைந்து கோணிக்கொள்ளும். பிற்பாடு பாலிஸ்டைரின் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஆரம்ப காலத்தில் சில கம்பெனிகள் அட்டைப் பெட்டிக்குள் எது அடங்குமோ அந்த அளவுக்கு விமானத்தைச் சுருக்கி விற்றன. பெரிய பாம்பர் விமானமும் சின்ன ஃபைட்டர் விமானமும் ஒரே நீளம்! அவை தனித்தனியே அழகாகத்தான் இருந்தன. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத அளவு என்ன அளவு?

2. பார்வை தவறினால் உயிர் போகும்

அளவும் வடிவமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சரித்திரச் சம்பவம்.

1939 செப்டம்பர் 3-ம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 6-ம் தேதி காலையில், எதிரி விமானங்கள் வருவதாகத் தவறான தகவல் கிடைத்து, பிரிட்டிஷ் ஃபைட்டர் விமானங்கள் கிளம்பின. 74-வது ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர் விமானிகள், எதிர்ப்பட்ட சில விமானங்களை ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். சுடப்பட்டவை சொந்த நாட்டின் 56-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள்! இரண்டு விழுந்தன. ஒரு விமானி பிழைத்தார். இன்னொருவர், மான்டேகு ஹல்டன்-ஹாரப் என்பவர், இறந்துபோனார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் ஃபைட்டர் விமானி அவர்தான். ஸ்பிட்ஃபயர் முதன்முதலாகச் சுட்டு வீழ்த்தியதும் சொந்த நாட்டு விமானத்தையே. இதைப் பார்க்கிங் கிரீக் சண்டை என்று சொல்கிறார்கள். சுட்ட இரண்டு விமானிகளும் ராணுவ விசாரணையில் விடுவிக்கப்பட்டார்கள்.

மூன்று விமானங்களின் இறக்கை அகலத்தையும் 72-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஹரிக்கேன்: 12.19 மீ. மாதிரியில் 169 மி.மீ.
ஸ்பிட்ஃபயர்: 11.23 மீ. மாதிரியில் 156 மி.மீ.
மெஸ்ஸர்ஷ்மிட் 109 (ஈ வகை): 9.87 மீ. மாதிரியில் 137 மி.மீ.

மேஜை மேல் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வானத்தில் தெரியாது. ஏன்? எவ்வளவு தூரத்தில் பறக்கிறது என்பது தெரியாதபோது, சின்ன விமானம் கிட்டத்தில் இருக்கிறதா, பெரிய விமானம் தூரத்தில் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அப்போது கைகொடுப்பது வடிவம் மட்டுமே. ஸ்பிட்ஃபயருக்கு இறக்கை நீள்வட்டம். மெஸ்ஸர்ஷ்மிட் ஈ வகைக்கு இறக்கை நுனி வெட்டினாற்போல் இருக்கும். ஹரிக்கேனுக்குத் தடித்த இறக்கை, முதுகு கூன் போட்டாற்போல் இருக்கும். இதைப் படத்தில் பார்த்தால் போதாது. முன்னால், பின்னால், கீழிருந்து, சாய்வாக என்று எல்லாக் கோணத்திலும் கண்ணுக்குப் பழக வேண்டும். அதற்குத் தேவை, கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரி.

3. ஐந்து லட்சம் விமானம் செய்த மாணவர்கள்

இப்போது நம்மைப் போன்றவர்களின் கதைக்கு வருகிறேன்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. துப்பாக்கி பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் எது நம் விமானம், எது எதிரி விமானம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அத்தனை மாதிரிகளுக்கு எங்கே போவது? தொழிற்சாலைகள் நிஜ விமானம் செய்வதிலேயே மும்முரமாக இருந்தன. அமெரிக்கக் கடற்படையின் விமானப் பிரிவு 1942-ன் ஆரம்பத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் வந்தது. 50 வகை விமானங்கள், வகைக்கு 10,000 வீதம் மொத்தம் 5 லட்சம் மாதிரிகள் வேண்டும் என்று கேட்டது. எல்லாமே மரத்தில், எல்லாமே 1:72 ஸ்கேலில்.

பள்ளிகளுக்கு வரைபடமும் டெம்ப்ளேட் அச்சுகளும் போயின. மாணவர்களும் மாணவிகளும் பள்ளியின் தச்சுக் கூடத்தில் கட்டையை அறுத்து, செதுக்கி, தேய்த்துச் செய்தார்கள். செய்து கொடுத்த எண்ணிக்கைக்குத் தக்கபடி பதவிப் பெயர் போட்ட சான்றிதழும் கிடைத்தது. மாதிரிகளுக்குக் கறுப்பு பெயிண்ட் மட்டுமே அடிக்கச் சொன்னார்கள். காரணம், வானத்தில் தூரத்தில் போகும் விமானத்தின் நிறமோ சின்னமோ தெரியாது, நிழலுருவம்தான் தெரியும்.

1:72 மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், 35 பெருக்கல் 72, அதாவது 2,520 அடி தூரத்தில் நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். கிட்டத்தட்ட அரை மைல். பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணம்தான் இது! பரீட்சைக்குப் பிறகு அது எதற்கும் உதவாது என்று நாம் நினைத்திருப்போம். ஒரு வகுப்பறைக்குள்ளேயே அரை மைல் வானத்தைக் கொண்டுவந்து விட்டார்கள்.

எங்கோ ஒரு ஊரில் ஒரு பையன் கட்டையைத் தேய்க்கிறான். இன்னொரு ஊரில் ஒரு பெண் இன்னொரு கட்டையைத் தேய்க்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு மாதிரியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒருவர் சோம்பல்பட்டு மூக்கை 2 மி.மீ. தடிமனாக விட்டுவிட்டால், அதைப் பார்த்துப் பழகுகிற சிப்பாய் தப்பான வடிவத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்வான். அவர்களை எல்லாம் ஒன்றாகக் கட்டியது ஒரு வரைபடமும் ஒரு ஸ்கேலும்தான்.

4. சாணுக்கு ஒரு நூல்

இந்த 72 என்ற எண்ணை எனக்குச் சரியாகப் புரியவைத்தது புத்தகம் இல்லை, என் அப்பா. அவர் தச்சு வேலை செய்பவர். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவாக வகுத்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "என்னப்பா கணக்கு இது?" என்றார். "விமானத்தை எழுபத்திரண்டுல ஒரு பங்கா சுருக்கறேன்ப்பா. ஆறடிக்கு ஒரு இஞ்ச் வரும்" என்றேன். அவர் விரலை மடக்கி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "அப்போ சாணுக்கு ஒரு நூலு. இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார்.

தச்சர்கள் பாஷையில் ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பாகம். ஒரு சாண் என்றால் 9 இஞ்ச். 9-ஐ 72-ஆல் வகுத்தால் எட்டில் ஒன்று. சரியாக ஒரு நூல்! நிஜ விமானத்தில் ஒரு சாண், மாதிரியில் ஒரு நூல். ஒரு முழம், இரண்டு நூல். தசமப் புள்ளியே வேண்டாம்.

அம்மாவுக்கு வேறு கவலை இருந்தது. "கடன் வாங்கிப் படிக்க வைக்கிறது இவன் மறுபடி உளி பிடிக்கிறதுக்கா?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு நான் கண்ட பதிலை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நம் கல்லூரியில் இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உளி அதேதான். மரமும் அதேதான். அப்பா செய்கிற கதவு அந்த வீட்டு நிலைக்கு மட்டும் பொருந்தும், ஏனென்றால் அதன் அளவு அவர் மனதிலும் அந்தச் சுவரிலும்தான் இருக்கிறது. வரைபடத்தில் ஏறிய அளவு எந்த ஊருக்கும் போகும், முகம் தெரியாத ஆளும் அதைப் பார்த்து அதையே செய்வான். நாம் இங்கே படிக்க வந்திருப்பது அந்தத் தாளைத்தான். அதே சமயம், கட்டையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே உளி வைத்தால் பிளக்கும் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அது அப்பா கையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

5. எந்த விமானத்தைச் செய்யலாம்?

முதன்முதலில் செய்பவர்களுக்கு நான் சிபாரிசு பண்ணுவது நேட் விமானம். நேட் என்றால் கொசு போன்ற ஒரு சின்னப் பூச்சி. ஃபைட்டர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனமாகவும் விலை கூடுதலாகவும் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், சின்னதாக, மலிவாகச் செய்ய முடியும் என்று காட்டுவதற்காக பெட்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது. 1955-ல் முதலில் பறந்தது. பிரிட்டன் இதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. ஃபைட்டராகப் பெரிய அளவில் பயன்படுத்தியது நம் நாடு. பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தில் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள்.

1965, 1971 போர்களில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நேட் பறந்தது. சேபரின் இறக்கை அகலம் சுமார் 11.3 மீ. மாதிரியில் 157 மி.மீ. நேட்டின் இறக்கை 6.73 மீ. மாதிரியில் வெறும் 93.5 மி.மீ. இரண்டையும் ஒரே ஸ்கேலில் பக்கத்தில் வைத்தால், நேட்டை வானத்தில் கண்டுபிடிப்பது ஏன் சிரமமாக இருந்தது என்பது ஒரு வார்த்தை பேசாமலே விளங்கிவிடும்.

1971 டிசம்பர் 14-ம் தேதி ஸ்ரீநகர் விமானதளத்தைச் சேபர் விமானங்கள் தாக்கியபோது, 18-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த நிர்மல்ஜித் சிங் செகான் நேட்டில் கிளம்பி எதிர்த்துப் போரிட்டு உயிர் நீத்தார். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அதே 18-வது ஸ்குவாட்ரன்தான் 2020 மே மாதம் நம் கோயம்புத்தூர் பக்கம் சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது.

6. செய்முறை

வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட் விலை நமக்குக் கட்டாது. ஆகவே 1942 மாணவர்கள் வழிதான் நமக்கும் வழி. தேவையானவை: நார் நேராக ஓடுகிற மென்மையான கட்டைத் துண்டு, மெல்லிய பலகை, சார்ட் அட்டை, பழைய ஹாக்சா பிளேடு, அரம், உப்புத்தாள், ஃபெவிகால், மரப் பட்டி, பெயிண்ட்.

முதல் படி: முன், மேல், பக்கத் தோற்றங்களை 1:72-ல் வரையுங்கள். நேட்டின் நீளம் 8.74 மீ., மாதிரியில் 121.4 மி.மீ. உயரம் 2.46 மீ., மாதிரியில் 34.2 மி.மீ. நூல் கணக்கு வேண்டுபவர்களுக்கு: இறக்கை 29 அரை சாண், ஆகவே 29 அரை நூல். அதாவது 3 இஞ்ச் 5 அரை நூல்.

இரண்டாம் படி: தோற்றங்களை அட்டையில் ஒட்டி வெட்டி டெம்ப்ளேட் ஆக்குங்கள். உடல் பாகத்துக்கு, மூக்கிலிருந்து வால் வரை ஐந்தாறு இடத்தில் குறுக்குவெட்டு டெம்ப்ளேட்டும் வேண்டும்.

மூன்றாம் படி: கட்டையில் முதலில் பக்கத் தோற்றத்தை அறுங்கள். அறுத்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் மறுபடி டேப் போட்டு ஒட்டிக்கொண்டால், கட்டை சதுரமாக நிற்கும், மேல் தோற்றத்தை அறுக்கச் சுலபம். பிறகு மூலைகளைச் சீவி, குறுக்குவெட்டு டெம்ப்ளேட்டை அடிக்கடி வைத்துப் பார்த்துத் தேயுங்கள். கட்டையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது!

நான்காம் படி: இறக்கையை மெல்லிய பலகையில் செய்யுங்கள். நார் இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். முன்விளிம்பு உருண்டை, பின்விளிம்பு கத்தி போல் மெல்லிசு. நேட்டுக்கு இறக்கை தோள்பட்டை உயரத்தில் இருக்கும், பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், நுனி லேசாகக் கீழே இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே சாய்வு வர அட்டையில் ஒரு தாங்கி வெட்டி வைத்து, ஃபெவிகால் காயும் வரை அதன் மேல் நிறுத்துங்கள். நம் வொர்க்ஷாப்பில் ஜிக் என்று சொல்வது இதைத்தான்.

ஐந்தாம் படி: மூட்டுகளில் பட்டி இட்டு, காய்ந்ததும் தேய்த்து, மரத்தின் துளைகள் மூடும் வரை பிரைமர் அடித்து அடித்துத் தேயுங்கள். கடைசியில் பெயிண்ட்.

7. சுருங்க மறுப்பவை

நீளம் 72-ல் ஒன்று ஆகும்போது பரப்பு 5,184-ல் ஒன்று ஆகும். கன அளவு 3,73,248-ல் ஒன்று ஆகும். வெறும் நேட் விமானத்தின் எடை சுமார் 2,200 கிலோ. இதை அந்த எண்ணால் வகுத்தால் வருவது ஆறு கிராம்கூட முழுசாக இல்லை! கட்டையில் செய்த மாதிரி அதைவிடக் கனமாக இருக்கும். உலோகத்தில் செய்த விமானம் எப்படி மரத்தைவிட லேசாக இருக்கும்? நிஜ விமானம் பெரும்பாலும் வெற்றிடம். மெல்லிய தகடும் சட்டமும்தான் அதைத் தாங்குகின்றன. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தின் சாரம் இந்த ஆறு கிராமில் இருக்கிறது.

இன்னொன்று. நிஜத்தில் 1 மி.மீ. தகடு, மாதிரியில் 0.014 மி.மீ. ஆக வேண்டும். சாதாரணக் காகிதமே 0.1 மி.மீ. இருக்கும். எனவே தகட்டின் தடிமனை யாராலும் ஸ்கேலில் காட்ட முடியாது, விளிம்பைச் சீவி மெல்லியதாகத் தோன்றச் செய்யலாம், அவ்வளவுதான். பெயிண்ட் பூச்சு 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ விமானத்தில் அது 3.6 மி.மீ. தடிமனுக்குச் சமம்! அதனால்தான் அனுபவசாலிகள் பெயிண்டை நீர்க்கக் கலந்து பல தடவை அடிக்கிறார்கள். நம் கையில் ஒரு மி.மீ. பிசகினால் அங்கே 72 மி.மீ. பிசகு. கிட்டத்தட்ட மூன்று இஞ்ச். "ஒரு மி.மீ. தானே சார்" என்று டிராயிங் ஹாலில் சொல்கிறோமே, அதன் எடை இதுதான்.

8. ஏன் போர் விமானம்?

"உயிரைக் கொல்கிற மிஷினை ஏன்டா அழகு பார்க்கிறே? பஸ் செய்யலாமே?" என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். பஸ்ஸும் செய்யலாம், தப்பில்லை. போர் விமானத்தில் எல்லா வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அழகுக்காக வைத்த கோடு அதில் அபூர்வம். படிக்கிறவனுக்கு அது நல்ல பாடம். ஆனால் மாதிரியைக் கையில் எடுக்கும்போது, அந்தச் சின்னக் கண்ணாடி மூடிக்குள் ஒரு இஞ்ச்கூட இல்லாத இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான் என்பதும் ஞாபகம் வர வேண்டும். ஹல்டன்-ஹாரப்பும் செகானும் அந்த இடத்தில்தான் இருந்தார்கள். அந்த இடத்தையும் சரியான அளவில் செய்வதுதான் அவர்களுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை.

நண்பர்களே, நம் டிராயிங் ஹாலின் ஒரு சுவரிலிருந்து 35 அடி அளந்து சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கறுப்பு பெயிண்ட் அடித்த ஒரு நேட்டையும் ஒரு சேபரையும் நூலில் கட்டி அந்தச் சுவரோரம் தொங்கவிடுங்கள். கோட்டில் நின்று, எது எது என்று சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொன்னால், செய்தவன் கையும் நன்று, பார்த்தவன் கண்ணும் நன்று. சொல்ல முடியாவிட்டால் டெம்ப்ளேட்டை எடுத்து மறுபடி வைத்துப் பார்ப்போம். கட்டையும் உப்புத்தாளும் வாங்கப் பத்து பேர் சேர்ந்தால் செலவு பெரிதில்லை. வருகிறவர்கள் இயந்திரவியல் துறை அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதி வைக்கவும்.



இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை